பட்டினியில் தொடங்கி வெண்ணெய்க்கு வந்த பத்தியம்

வலிப்பு நோய்க்குத் தரப்படும், கொழுப்பு மிகுந்து மாவுச்சத்து மிகக் குறைந்த கீட்டோஜெனிக் பத்தியம் பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை இணைத்திருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை. நரம்பியல் மருத்துவரும் உணவியல் நிபுணரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: வலிப்பு வந்தவர்களைப் பட்டினி போட்டே குணப்படுத்தினார்கள் என்று படித்தேன். நிஜமா, கட்டுக்கதையா? இதை முதலில் செய்தது யார்?

நிஜம்தான். ‘லங்கணம் பரம ஔஷதம்’ என்று நாம் சொல்வதைக் கிரேக்கர்களும் தங்கள் பாணியில் சொல்லியிருக்கிறார்கள். ஹிப்போகிராட்டஸ் பெயரில் வழங்கும் மருத்துவத் தொகுப்பிலேயே வலிப்பு வந்த ஒருவரை உணவும் நீரும் இல்லாமல் வைத்துக் குணப்படுத்திய குறிப்பு உண்டு. ஆனால் ‘முதலில் செய்தவர்’ என்று ஒருவரைக் காட்ட முடியாது. பல காலம் பல இடங்களில் கண்ணில் பட்ட விஷயம் இது.

நவீன மருத்துவத்தில் இது எழுத்தில் ஏறியது 1911இல். பாரிஸைச் சேர்ந்த குவெல்பா, மாரி என்ற இரண்டு மருத்துவர்கள் 20 நோயாளிகளுக்குப் பட்டினியும் பேதி மருந்தும் கொடுத்து, இடையிடையே குறைந்த அளவு மரக்கறி உணவு தந்தார்கள். சிகிச்சை நடக்கும் நாட்களில் வலிப்பின் கடுமை குறைந்தது.

அடுத்த கட்டம் அமெரிக்காவில் நடந்தது. பெர்னார் மக்ஃபாடன் என்ற உடற்பயிற்சிப் பிரசாரகர் மருத்துவப் படிப்பே இல்லாதவர். எந்த நோய்க்கும் பட்டினியே தீர்வு என்று தன் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய வழியைப் பின்பற்றிய ஹியூ கான்க்ளின் என்ற ஆஸ்டியோபதி மருத்துவர், மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் நகரில் வலிப்பு நோயாளிகளை வெறும் தண்ணீரில் 25 நாட்கள் வரை வைத்தார். குடலில் ஊறும் ஒரு நச்சு மூளைக்கு ஏறித்தான் வலிப்பு வருகிறது, குடலுக்கு ஓய்வு கொடுத்தால் நச்சு வற்றிவிடும் என்பது அவர் கணக்கு. 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 90 சதவீதம் பேர் குணமாகிறார்கள் என்றும் சொல்லிக்கொண்டார்.

நச்சு பற்றிய விளக்கம் தவறு, 90 சதவீதமும் நம்பும்படியானதல்ல. ஆனாலும் பட்டினி கிடக்கும்போது வலிப்பு நின்றதை மற்றவர்களும் பார்த்தார்கள். நியூயார்க்கின் ரால் கெய்லின் 1921இல் அமெரிக்க மருத்துவச் சங்கக் கூட்டத்தில் தம் நோயாளிகளிடமும் அதே பலன் தெரிந்ததாக அறிவித்த பிறகுதான் பெரிய மருத்துவமனைகள் இதைக் கவனித்தன. ஹார்வர்டில் லென்னாக்ஸும் காபும் ஆராய்ந்தபோது, பட்டினி தொடங்கிய இரண்டு மூன்று நாட்களில் வலிப்பு குறைவதைக் கண்டார்கள். உடல் தன் கொழுப்பை எரிக்கத் தொடங்குவதும் அதே கட்டத்தில்தான்.

இதில் ஒரு கிளைக்கதையும் உண்டு. கான்க்ளினிடம் சிகிச்சை பெற்ற ஒரு சிறுவனின் தந்தை சார்லஸ் ஹவ்லண்ட், நியூயார்க் வழக்கறிஞர். பட்டினி ஏன் வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லித் தம் தம்பி ஜான் ஹவ்லண்டிடம் 5,000 டாலர் கொடுத்தார். தம்பி ஜான்ஸ் ஹாப்கின்ஸில் குழந்தை மருத்துவப் பேராசிரியர். அந்தப் பணத்தில் ஜேம்ஸ் கேம்பிள் செய்த ஆய்வு வலிப்புக்கு விடை தரவில்லை. ஆனால் பட்டினியில் உடல் எவ்வளவு உப்பையும் நீரையும் இழக்கிறது என்பதை அளந்து காட்டியது. பிற்காலத்தில் நரம்பு வழியாக நீரும் உப்பும் ஏற்றும் சிகிச்சைக்கு அடித்தளமான ஆய்வுகளில் அதுவும் ஒன்று.

கேள்வி: பட்டினிக்கும் வெண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்? ஒன்று சாப்பிடாமல் இருப்பது, இன்னொன்று கொழுப்பாகவே சாப்பிடுவது. நேர் எதிர் அல்லவா?

வாய்க்கு எதிர்தான். கல்லீரலுக்கு இரண்டும் ஒன்றே.

மாவுச்சத்து உள்ளே வராமல் போனால் கல்லீரல் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைக் கையிருப்பு ஒரு நாள் அளவில் தீர்ந்துவிடும். பிறகு கல்லீரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோன்களைத் தயாரிக்கும். அவற்றுள் முக்கியமானது பீட்டா-ஹைட்ராக்ஸிபியூட்டிரேட். கொழுப்பு அமிலங்களை நேரடியாகப் பயன்படுத்த முடியாத மூளை இந்தக் கீட்டோன்களை எரித்துக்கொள்ளும். அந்தக் கொழுப்பு இடுப்பிலிருந்து வந்ததா, தட்டிலிருந்து வந்ததா என்பது கல்லீரலுக்கு முக்கியமில்லை.

இதை எடுத்துச் சொன்னவர்கள் சர்க்கரை நோய் மருத்துவர்கள் என்பதுதான் வேடிக்கை. மூச்சில் பழ வாசனை போல அசிட்டோன் வீசினால் நோயாளி கையை விட்டுப் போகிறார் என்று பயந்தவர்கள் அவர்கள். பட்டினி கிடந்தாலோ, மாவுச்சத்து மிகக் குறைந்து கொழுப்பு மிகுந்தாலோ நோயில்லாதவர் உடம்பிலும் அதே பொருட்கள் தோன்றும் என்று சிகாகோவின் ரோலின் வுட்யாட் 1921இல் எழுதினார். அதே ஆண்டு மின்னசோட்டாவின் மேயோ கிளினிக்கில் ரஸல் வைல்டர் அடுத்த அடியை வைத்தார். பட்டினியின் பலன் கீட்டோன்களால்தான் வருகிறதென்றால், நோயாளியைப் பட்டினி போடாமலே, கொழுப்பு மிகுந்த உணவால் அதே நிலையை நீண்ட காலம் நிறுத்தி வைக்கலாமே என்றார். ‘கீட்டோஜெனிக் டயட்’ என்று பெயர் வைத்தவரும் அவரே.

மேயோவிலேயே பீட்டர்மன் என்ற குழந்தை மருத்துவர் அதற்கு அளவுகளைத் தந்தார். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 கிராம் புரதம், நாளுக்கு 10 முதல் 15 கிராம் மாவுச்சத்து, மீதி முழுக்கக் கொழுப்பு. நூறு ஆண்டுகள் கழித்தும் அடிப்படைக் கணக்கு பெரிதாக மாறவில்லை.

கேள்வி: சர்க்கரை நோயுள்ள குழந்தைகளையும் அந்தக் காலத்தில் பட்டினி போட்டார்களாமே? அதுவும் இதே பத்தியமா?

அது வேறு. இன்சுலின் வருவதற்கு முன் ஃபிரெடரிக் ஆலன் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் வகுத்த முறை அது. சிறுநீரில் சர்க்கரை மறையும்வரை பட்டினி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உணவு. சர்க்கரை மறுபடி தலைகாட்டினால் அதற்குக் கீழே நிறுத்திவிடுவார்கள். காய்களை மூன்று முறை தண்ணீர் மாற்றி வேகவைத்து, அதிலிருக்கும் மாவுச்சத்தையும் வடித்துக் கொட்டிவிட்டுக் கொடுத்தார்கள். அமெரிக்க அரசியல்வாதி சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத் 1922 ஆகஸ்டில் டொரான்டோவில், இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பான்டிங்கிடம் போனபோது அவள் எடை ஏறத்தாழ 20 கிலோ. அப்போது அவளுக்கு வயது 14. இன்சுலின் கிடைத்தது, 1981 வரை வாழ்ந்தார்.

ஆலனின் பத்தியம் யாரையும் குணப்படுத்தவில்லை. சாவைத் தள்ளிப்போட்டது, அவ்வளவுதான். இன்சுலின் வந்ததும் அதன் தேவை முடிந்தது. வலிப்புப் பத்தியத்தின் கதை அப்படி முடியவில்லை.

கேள்வி: பேத்திக்கு 4:1 பத்தியம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ‘நாலுக்கு ஒன்று’ என்றால் என்ன? மருத்துவமனைத் தாளில் இருக்கும் எண்கள் எப்படி வருகின்றன என்று புரிந்தால் சமைக்கிற எங்களுக்கு உதவியாக இருக்கும்.

நல்ல கேள்வி, அம்மா. எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவர் சமையலில் தவறு செய்வது குறைவு.

4:1 என்பது எடைக் கணக்கு. புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து 1 கிராம் என்றால் கொழுப்பு 4 கிராம். கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி, மற்ற இரண்டும் 4 கலோரி. ஆக 4×9 = 36, அதோடு 4, மொத்தம் 40 கலோரி. இந்த 40 கலோரிக் கட்டுதான் ஒரு ‘அலகு’. அதில் 90 சதவீதம் கொழுப்பிலிருந்து வருகிறது. 3:1 என்றால் ஓர் அலகு 31 கலோரி.

15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாளுக்கு 1,120 கலோரி என்று மருத்துவர் முடிவு செய்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை 40ஆல் வகுத்தால் 28 அலகு. அப்படியானால் கொழுப்பு 28×4 = 112 கிராம். புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து 28 கிராம். கிலோவுக்கு 1 கிராம் வீதம் புரதம் 15 கிராம் போனால் மாவுச்சத்துக்கு மிஞ்சுவது 13 கிராம். நாள் முழுவதற்கும் அவ்வளவுதான். மூன்று வேளையாகப் பிரித்தால் வேளைக்குக் கொழுப்பு 37.3, புரதம் 5, மாவுச்சத்து 4.3 கிராம்.

இனி அதை உணவாக மாற்ற வேண்டும். முதலில் கிரீமையும் மாவுச்சத்தையும் முடிவு செய்யுங்கள், பிறகு புரதம், கடைசியில் கொழுப்பு. இந்த வரிசை மாறினால் கணக்கு இழுத்துக்கொண்டே போகும், ஏனென்றால் கிரீமிலும் முட்டையிலும் கொழுப்பு ஒளிந்திருக்கிறது. வெண்ணெயில் கொழுப்பைத் தவிரக் கிட்டத்தட்ட வேறெதுவும் இல்லாததால் மிச்சத்தை அதைக் கொண்டு நிரப்பலாம்.

36 சதவீதக் கொழுப்புள்ள கிரீம் 50 கிராம் எடுத்தால் கொழுப்பு 18, புரதம் 1, மாவுச்சத்து 1.5. மாவுச்சத்தில் இன்னும் 2.8 தேவை. 100 கிராமில் 10 கிராம் மாவுச்சத்துள்ள ஒரு பழத்தில் 28 கிராம் போதும். அதில் புரதமும் 0.2 வரும். மீதிப் புரதம் 3.8. முட்டையில் 100 கிராமுக்கு 12 கிராம் புரதம், 12 கிராம் கொழுப்பு என்று கொண்டால் 32 கிராம் முட்டை. அதிலிருந்து கொழுப்பும் 3.8 வந்துவிடும். இதுவரை கொழுப்பு 21.8. இன்னும் 15.5 வேண்டும். வெண்ணெயில் 81 சதவீதம் கொழுப்பு, ஆகவே 19 கிராம் வெண்ணெய். ஒரு வேளை முடிந்தது: கிரீம் 50, பழம் 28, முட்டை 32, வெண்ணெய் 19 கிராம்.

32 கிராம் என்பது அரை முட்டையைவிடச் சற்று அதிகம். முட்டையை அடித்துக் கலக்கிவிட்டு எடைபோடுங்கள். வெள்ளைக்கருவில் கொழுப்பு அறவே இல்லை என்பதால் கலக்காமல் பிரித்தால் விகிதம் சாய்ந்துவிடும். தராசு 0.1 கிராம் வரை காட்ட வேண்டும். பச்சையாக எடை போடுவதா, வெந்த பிறகா என்பதையும் உங்கள் டயட்டீஷியனிடம் கேட்டு ஒரே முறையைப் பின்பற்றுங்கள். வெந்ததும் நீர் வற்றி எடை மாறும்.

கேள்வி: தட்டை வழித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். இவ்வளவு கெடுபிடி தேவையா? ஒரு நாள் ஆசைக்கு ஒரு பிஸ்கட் தின்றால் என்ன ஆகிவிடும்?

மேலே சொன்ன அதே சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டிலும் கரண்டியிலும் 8 கிராம் வெண்ணெய் ஒட்டிக்கொண்டு போய்விட்டால் கொழுப்பு 37.3இலிருந்து 30.8 ஆகும். விகிதம் 4:1 போய் 3.3:1. ரப்பர் கரண்டியால் வழித்து ஊட்டச் சொல்வது இதற்காகத்தான். 10 கிராம் மாவுச்சத்துள்ள பிஸ்கட்டைக் கூடவே கொடுத்தால் அந்த வேளை 2:1க்கும் கீழே இறங்கிவிடுகிறது.

இது காகிதக் கணக்கு மட்டுமல்ல. பத்தியத்தில் வலிப்பு அடங்கியிருந்த குழந்தைகளுக்கு நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றியபோது கீட்டோன் சரிந்து, கட்டுப்பாடு சீக்கிரமே கலைந்ததைப் பீட்டர் ஹட்டன்லாக்கர் 1976இல் பதிவு செய்திருக்கிறார். கீட்டோன் ஏற நாட்கள் ஆகும், இறங்க அவ்வளவு நேரம் வேண்டாம். எனவே, குழந்தை வேறு எந்தக் காரணத்துக்காக மருத்துவமனைக்குப் போனாலும் ‘கீட்டோஜெனிக் பத்தியத்தில் இருக்கிறாள்’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். டிரிப்ஸ் தேவைப்பட்டால் குளுக்கோஸ் கலக்காததைத்தான் போடுவார்கள். ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தால் மட்டும் விதிவிலக்கு.

நடைமுறையில் பத்தியத்தைக் கெடுப்பது பிஸ்கட் அல்ல, இருமல் மருந்து. குழந்தைகளுக்கான சிரப்பில் 5 மில்லிக்கு 2, 3 கிராம் சர்க்கரை இருப்பது சகஜம். மூன்று வேளை கொடுத்தால் நாளுக்கான 13 கிராமில் ஏறத்தாழப் பாதியோ அதற்கு மேலோ அங்கேயே போய்விடும். ‘சர்க்கரை இல்லாதது’ என்று அச்சிட்ட சிரப்பிலும் சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருள் இருக்கலாம். அதுவும் மாவுச்சத்துக் கணக்கில் வரும். முடிந்தவரை மாத்திரையாக வாங்கிப் பொடித்துக் கொடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சில மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது. பற்பசை, சத்து டானிக், மெல்லும் வைட்டமின் எல்லாவற்றின் லேபிளையும் படியுங்கள்.

கேள்வி: இப்போதும் பட்டினி போட்டுத்தான் ஆரம்பிக்கிறார்களா?

பெரும்பாலான இடங்களில் இல்லை. பழைய முறையில் மருத்துவமனையில் சேர்த்து 24 முதல் 48 மணி நேரம் பட்டினி. பிறகு முதல் நாள் மூன்றில் ஒரு பங்கு உணவு, மறுநாள் மூன்றில் இரண்டு பங்கு, மூன்றாம் நாள் முழு அளவு. 2005இல் ஃபிலடெல்ஃபியாவில் 48 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி ஒப்பிட்டார்கள். ஒரு பிரிவுக்குப் பட்டினி, இன்னொன்றுக்கு 1:1, 2:1, 3:1, 4:1 என்று நாளுக்கு நாள் ஏற்றம். மூன்று மாத முடிவில் பலன் இரண்டிலும் ஒரே தரத்தில் இருந்தது. படிப்படியாக ஏற்றியவர்களுக்கு ரத்தச் சர்க்கரை சரிவும் மற்ற தொந்தரவும் குறைவு. பட்டினியிலிருந்து பிறந்த பத்தியத்துக்குக் கடைசியில் பட்டினியே தேவைப்படவில்லை.

முதல் வாரத்தில் குழந்தை சோர்ந்து, வாந்தி எடுத்து, மூச்சு வேகமாக வாங்கினால் கீட்டோன் அளவுக்கு மீறி அமிலத்தன்மை ஏறியிருக்கலாம். 30 மில்லி ஆரஞ்சுச் சாறு கொடுத்துத் தணிப்பது பல மையங்களின் வழக்கம். ஆனால் அதை எப்போது, எவ்வளவு கொடுப்பது என்று உங்கள் மருத்துவக் குழு முன்கூட்டியே எழுதித் தந்திருக்க வேண்டும்.

கேள்வி: இவ்வளவு நல்ல சிகிச்சை என்றால் நடுவில் ஏன் காணாமல் போனது? மருந்து கம்பெனிகளின் சதியா?

சதி வேண்டியதில்லை, ஐயா. சமையலறையின் சிரமம் போதும்.

1921இல் மருத்துவரிடம் இருந்தவை இரண்டே மருந்துகள். 1857 முதல் புரோமைடு, 1912 முதல் ஃபீனோபார்பிட்டால். இரண்டும் ஆளை மந்தமாக்கும். அந்த நிலையில் வெண்ணெயை எடைபோடுவது பெரிய பாரமாகத் தெரியவில்லை. 1938இல் பாஸ்டனில் மெரிட், புட்னம் இருவரும் ஃபெனிட்டாயின் மருந்தைக் கொண்டுவந்தார்கள். தூக்கக் கலக்கம் அதிகம் இல்லாமல் வலிப்பை அடக்கும் மாத்திரை. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய மருந்துகள் வந்தன. மாத்திரையை விழுங்க ஒரு நிமிடம், பத்தியத்துக்கு நாள் முழுவதும். யாரும் பத்தியம் பொய் என்று நிரூபிக்கவில்லை. கணக்குப் போடத் தெரிந்த உணவியல் நிபுணர்கள் குறைந்தார்கள். சரியாகக் கணக்கிடாத பத்தியம் பலன் தரவில்லை. பலன் தராததைப் பார்த்த இளம் மருத்துவர்கள் அதைக் கைவிட்டார்கள்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மட்டும் விளக்கு அணையவில்லை. அங்கே சாமுவேல் லிவிங்ஸ்டன் பல ஆண்டுகளாக 1,000க்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு இதைக் கொடுத்து, 52 சதவீதம் பேருக்கு வலிப்பு முழுவதும் அடங்கியதாக 1972இல் எழுதினார். ஒப்பீட்டுக் குழு இல்லாத எண் இது, அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

பத்தியம் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது ஒரு தந்தையால். ஹாலிவுட் இயக்குநர் ஜிம் ஏப்ரஹாம்ஸின் மகனுக்கு 1993இல் வலிப்பு தொடங்கியது. பல மருந்துகளும் ஒரு மூளை அறுவைச் சிகிச்சையும் பலிக்கவில்லை. தந்தை தாமே நூலகத்தில் தேடி இந்தப் பத்தியத்தைக் கண்டுபிடித்தார். ஹாப்கின்ஸில் மருத்துவர் ஜான் ஃப்ரீமனும் உணவியல் நிபுணர் மில்லிசென்ட் கெல்லியும் தொடங்கி வைத்தார்கள். வலிப்பு நின்றது. இதைப் பற்றி எந்த மருத்துவரும் தமக்குச் சொல்லவில்லையே என்ற கோபத்தில் 1994இல் மகன் பெயரால் சார்லி அறக்கட்டளையைத் தொடங்கினார். அந்த ஆண்டே அமெரிக்கத் தொலைக்காட்சியில் செய்தி வர, மையங்களில் பெற்றோர் கூட்டம் குவிந்தது.

கேள்வி: நம்பகமான ஆய்வு உண்டா? ‘எங்கள் பிள்ளைக்குச் சரியாயிற்று’ என்பது மட்டும் போதாதே.

போதாதுதான். 1998இல் ஃப்ரீமன் குழு 150 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்டது. ஓராண்டு முடிவில் பத்தியத்தில் மிஞ்சியவர்கள் 55 சதவீதம். தொடங்கிய அனைவரிலும் 27 சதவீதம் பேருக்கு வலிப்பு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. மருந்துகள் பலிக்காத குழந்தைகள் இவர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு 2008இல்தான் வந்தது. லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையைச் சேர்ந்த குழு, 2 முதல் 16 வயதுள்ள 145 குழந்தைகளில் பாதிப் பேருக்கு உடனே பத்தியமும் மீதிப் பேருக்கு மூன்று மாதம் கழித்தும் கொடுத்தது. மூன்று மாத முடிவில் வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தவர்கள் பத்தியப் பிரிவில் 38 சதவீதம், காத்திருந்த பிரிவில் 6 சதவீதம். சிகிச்சை பிறந்து 87 ஆண்டுகள் கழித்து!

எல்லா வலிப்புக்கும் ஒரே பலன் இல்லை. மூளைக்குள் குளுக்கோஸைக் கொண்டுசேர்க்கும் குளுட்-1 புரதம் குறைவான குழந்தைகளுக்கு இதுவே முதல் சிகிச்சை, ஏனென்றால் அவர்கள் மூளைக்கு மாற்று எரிபொருள் வேண்டும். கைக்குழந்தை இசிவு, டிராவே, டூஸ் நோய்த்தொகுதிகள், டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் ஆகியவற்றிலும் பலன் நன்றாகத் தெரிகிறது. மற்றவர்களுக்குப் பொருத்தமான இரண்டு மருந்துகள் தோற்ற பிறகு யோசிக்கலாம் என்பது சர்வதேச வழிகாட்டுதல். ஒரே இடத்தில் கோளாறு இருந்து அறுவைச் சிகிச்சையால் நீக்க முடியுமென்றால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கேள்வி: எடை குறைக்க நான் கீட்டோ இருக்கிறேன். அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. உங்களுக்குக் கலோரி குறைய வேண்டும், இந்தக் குழந்தைக்கு எடை குறையவே கூடாது.

கேள்வி: எம்.சி.டி. எண்ணெய், அட்கின்ஸ் என்றெல்லாம் சொல்கிறார்கள். எது நல்லது?

எம்.சி.டி. என்பது நடுத்தர நீளச் சங்கிலிக் கொழுப்பு. குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போவதால் ஒரு கலோரிக்குக் கிடைக்கும் கீட்டோன் அதிகம். எனவே மாவுச்சத்தும் புரதமும் சற்றுத் தாராளமாகத் தரலாம் என்று ஹட்டன்லாக்கர் 1971இல் காட்டினார். அவர் மொத்தக் கலோரியில் 60 சதவீதத்தை இந்த எண்ணெயிலிருந்தே கொடுத்தார். வயிற்று வலியும் பேதியும் பலரை விரட்டின. பின்னாளில் 30 சதவீதமாகக் குறைத்தும் பார்த்தார்கள். கொஞ்சமாகத் தொடங்கி, ஒவ்வொரு வேளை உணவோடும் கலந்து, நாட்கணக்கில் ஏற்றினால் வயிறு பழகிக்கொள்ளும். வெறும் வயிற்றில் கொடுத்தால் வயிறு சும்மா விடாது. பழைய 4:1 முறைக்கும் இதற்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை என்று லண்டன் குழுவே 2009இல் காட்டிவிட்டது.

மாற்றியமைத்த அட்கின்ஸ் பத்தியம் 2003இல் ஹாப்கின்ஸிலிருந்து வந்தது. முதல் அறிக்கையில் ஆறே பேர். மாவுச்சத்தை மட்டும் எண்ணினால் போதும், முதல் மாதம் நாளுக்கு 10 முதல் 20 கிராமுக்குள். புரதத்துக்கும் கலோரிக்கும் கட்டில்லை, தராசும் தேவையில்லை. விகிதம் ஏறத்தாழ 1:1 அல்லது சற்று மேலே நிற்கும். பதின்ம வயதினருக்கும் பெரியவர்களுக்கும் எங்கள் பரிந்துரை பெரும்பாலும் இதுதான். 16 வயதுப் பையனிடம் 32 கிராம் முட்டையை நீட்டிப் பாருங்கள், புரியும். புட்டிப் பால் குடிக்கும் குழந்தைக்கோ பழைய 4:1 அல்லது 3:1 முறையே சுலபம், பாலையே அந்த விகிதத்தில் கலந்துவிடலாம்.

கேள்வி: பக்கவிளைவு இல்லாத இயற்கை வைத்தியம் என்று இதை வீட்டிலேயே தொடங்கலாம் அல்லவா?

கூடாது. சில குழந்தைகளுக்கு இது உயிருக்கே ஆபத்து. கொழுப்பு அமிலத்தை எரிக்க முடியாத பிறவிக் குறைபாடு, கார்னிட்டின் குறைபாடு, பைருவேட் கார்பாக்ஸிலேஸ் குறைபாடு, போர்ஃபிரியா ஆகியவை உள்ளவர்களுக்கு இந்தப் பத்தியமே தரக் கூடாது. இவற்றில் சில முதலில் வெறும் வலிப்பாகவே வெளிப்படும். அதனால்தான் தொடங்கும் முன் ரத்தத்தில் அசைல்கார்னிட்டின் அளவும் சிறுநீரில் கரிம அமிலங்களும் பார்க்கிறோம். கல்லீரல், சிறுநீரகம், கொழுப்புப் பரிசோதனைகளும் அப்போதே.

தொடங்கிய பிறகு வரும் தொல்லைகளில் முதலிடம் மலச்சிக்கலுக்கு. நார்ச்சத்தும் குறைவு, உணவின் கன அளவும் குறைவு. தண்ணீர் தாராளமாகக் கொடுங்கள். நீரைக் குறைத்தால் கீட்டோன் செறிவாகும் என்று பல ஆண்டுகள் தண்ணீரையும் அளந்து கொடுத்தார்கள். அதில் பலன் ஏறவில்லை, சிறுநீரகக் கல்தான் ஏறியது. அமிலத்தன்மையால் எலும்பிலிருந்து கால்சியம் இறங்கிச் சிறுநீரில் சேர்கிறது. கல் உருவாகாமல் தடுக்கும் சிட்ரேட்டோ குறைகிறது. எல்லாக் குழந்தைகளுக்கும் பொட்டாசியம் சிட்ரேட் கொடுக்கத் தொடங்கியதும் ஹாப்கின்ஸில் கல் வந்தவர்கள் ஏறத்தாழ 7 சதவீதத்திலிருந்து 1 சதவீதத்துக்கு இறங்கினார்கள். டோபிராமேட், சோனிசமைடு என்ற வலிப்பு மருந்துகளைச் சாப்பிடும் குழந்தைகளுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். அந்த மருந்துகளும் அதே பக்கம் தள்ளுபவை.

உயரம் வளர்வது மெதுவாகலாம். கொலஸ்ட்ரால் கூடலாம். இந்த உணவில் வைட்டமின் பி, டி, கால்சியம், செலினியம் போதாது. செலினியம் குறைந்து இதயத் தசை பாதித்த குழந்தைகள் உண்டு. ஆகவே சர்க்கரையில்லாத சத்து மாத்திரைகள் விருப்பத்துக்கு விட்டதல்ல, பத்தியத்தின் ஒரு பகுதி.

மருந்துகளை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ஒரு மாதம் கழித்து, பலன் தெரிந்தால், ஒன்றொன்றாக மருத்துவர் குறைப்பார்.

கேள்வி: எவ்வளவு காலம் இருக்க வேண்டும்? வாழ்நாள் முழுவதுமா?

முதலில் மூன்று மாதம். அதற்குள் பலன் இல்லையென்றால் இழுத்துக்கொண்டு போவதில் அர்த்தமில்லை, நிறுத்திவிடலாம். பலன் இருந்தால் வழக்கமாக இரண்டு ஆண்டு. குளுட்-1 குறைபாடுள்ளவர்களுக்கு மட்டும் இன்னும் பல ஆண்டுகள்.

நிறுத்துவதும் படிப்படியாகத்தான், இரண்டு மூன்று மாதங்களில். 4:1இலிருந்து 3:1, பிறகு 2:1, ஒவ்வொரு படியிலும் சில வாரம். கீட்டோன் மறைந்த பிறகுதான் எடைபோடாத உணவு. இடையில் வலிப்பு தலைகாட்டினால் முந்தைய படிக்கே திரும்ப வேண்டும். பத்தியத்தில் வலிப்பே இல்லாமல் இருந்து நிறுத்திய குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்கு அது திரும்பவில்லை என்று ஹாப்கின்ஸ் 2007இல் கணக்கிட்டிருக்கிறது. மீதி ஒருவர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால், முதல் சில மாதங்களுக்குத் தராசைத் தூக்கிப் பரணில் போட்டுவிடாதீர்கள்.